குழாய்க்குள் ஒரு துளி உமிழ்நீர்

2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் அர்பானா, ஷாம்பெய்ன் என்னும் இரட்டை நகரங்கள் அருகருகே அமைந்துள்ளன. சிகாகோ மாநகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இவ்விரு நகரங்களுக்கும் இடையில்தான் இலினோய் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோடை விடுமுறை முடிந்து மாணவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அந்நாள்களில் புத்தகக் கடையிலும் உணவகத்திலும்தான் நீண்ட வரிசை நிற்கும். அந்த ஆண்டு, வளாகத்தில் அமைக்கப்பட்டிருந்த கூடாரங்களின் முன்னால் வரிசை நின்றது.

முகக்கவசம் அணிந்த மாணவர்கள் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறிய நெகிழிக் குழாய் இருந்தது. முறை வந்ததும் முகக்கவசத்தைச் சற்று இறக்கி, வாயில் ஊறிய உமிழ்நீரை அந்தக் குழாய்க்குள் விட்டு, மூடித் திருகிக் கொடுத்துவிட்டுச் சென்றார்கள். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிட்டது. அடுத்த சில நாள்களில் அவர்கள் மீண்டும் அதே வரிசைக்கு வந்தார்கள்.

அந்த வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் இல்லை, இருமலும் இல்லை. நலமாக இருப்பவர்களுக்கு எதற்காகச் சோதனை? அதுவும் வாரத்திற்கு இரண்டு முறை எதற்காக? இந்தக் கேள்விக்கான விடையில்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் முழுத் திட்டமும் அடங்கியிருந்தது.

மூடிய கதவுகளைத் திறப்பது எப்படி?

2020 மார்ச் 11-ஆம் நாள், கொவிட்-19 ஓர் உலகளாவிய பெருந்தொற்று என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதையொட்டி உலகெங்கும் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வகுப்பறைகள் கணினித் திரைக்குள் சுருங்கின. ஆய்வுக்கூடத்தில் கைப்படச் செய்து கற்க வேண்டிய பாடங்களைத் திரையில் பார்த்துக் கற்பது எளிதாக இல்லை. வீட்டில் அமைதியான அறையோ விரைவான இணைய வசதியோ இல்லாத மாணவர்கள் பின்தங்கினார்கள்.

ஆகவே, அடுத்த கல்வியாண்டில் மாணவர்களை மீண்டும் வளாகத்திற்கு அழைத்து வரப் பல பல்கலைக்கழகங்கள் விரும்பின. ஆனால், பல்கலைக்கழகம் என்பது ஒரு சிறிய நகரத்தைப் போன்றது. விடுதி அறைகளில் இருவர் மூவராகத் தங்குவார்கள். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் உண்பார்கள். குளியலறையையும் நூலகத்தையும் விளையாட்டரங்கத்தையும் எல்லாரும் பகிர்ந்துகொள்வார்கள். கிருமி பரவுவதற்கு இதைவிட ஏற்ற இடம் கிடைப்பது அரிது.

அதற்கு உடனே ஒரு சான்றும் கிடைத்தது. வட கரோலினா மாநிலத்தின் சேப்பல் ஹில் நகரிலுள்ள பல்கலைக்கழகம் 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள் வகுப்புகளைத் தொடங்கியது. விடுதிகளில் கிருமித்தொற்று வேகமாகப் பரவியதால், ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 17-ஆம் நாளன்று, இளநிலை வகுப்புகளை இணையத்திற்கு மாற்றுவதாக அது அறிவிக்க நேர்ந்தது. மாணவர்கள் அவிழ்த்த பெட்டிகளை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

கொவிட்-19 கிருமியின் வலிமை, அது மறைந்திருக்கும் விதத்தில் உள்ளது. கிருமி ஒருவரின் உடலுக்குள் நுழைந்த உடனே காய்ச்சல் வருவதில்லை. காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே அவரிடமிருந்து கிருமி மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடலாம். சிலருக்குக் கடைசிவரை எந்த அறிகுறியும் தோன்றாது. குறிப்பாக இளையர்களுக்கு நோய் இலேசாக வந்து போய்விடுவதுண்டு. ஆனால், அவர்களிடமிருந்து கிருமியைப் பெறும் முதிய பேராசிரியருக்கோ உணவகத்தில் பணிபுரியும் அம்மாவுக்கோ அதே நோய் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

எனவே, “உடல்நலம் இல்லாதவர்கள் மட்டும் சோதனைக்கு வாருங்கள்” என்று சொன்னால் போதாது. நலமாக இருப்பவர்கள்போல் தோன்றுபவர்களுக்குள்தான் கிருமியைத் தேட வேண்டியிருந்தது. இலினோய் மாணவர்கள் வாரம் இருமுறை வரிசையில் நின்றதற்கு இதுவே காரணம்.

ஆனால், இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. அப்போது வழக்கத்திலிருந்த சோதனையில், நீண்ட பஞ்சுக்குச்சியை மூக்கின் உட்பகுதிவரை செலுத்தி மாதிரி எடுப்பார்கள். அதற்குப் பயிற்சி பெற்ற தாதியர் தேவை. உலகமே ஒரே நேரத்தில் கேட்டதால் பஞ்சுக்குச்சிகளுக்கும் வேதிப்பொருள்களுக்கும் தட்டுப்பாடு நிலவியது. ஆய்வுக்கூடங்களில் மாதிரிகள் குவிந்ததால், முடிவு வரச் சில இடங்களில் ஒரு வாரம்கூட ஆனது. ஒரு வாரம் கழித்து வரும் முடிவு, வெள்ளம் வடிந்த பிறகு கட்டும் அணையைப் போன்றது. அதற்குள் கிருமி எத்தனையோ பேரைத் தொட்டிருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த குறுக்குவழி

இந்தச் சிக்கலை அவிழ்க்க இலினோய் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் முன்வந்தனர். வேதியியல் பேராசிரியர்களான மார்ட்டின் பர்க், பால் ஹெர்கன்ரோதர் ஆகியோர் இம்முயற்சியில் முக்கியப் பங்காற்றினர். மூக்கிலிருந்து மாதிரி எடுப்பதற்குப் பதிலாக உமிழ்நீரைப் பயன்படுத்த முடியுமா என்று அவர்கள் ஆராய்ந்தனர். உமிழ்நீர் எடுக்கத் தாதியர் வேண்டாம், பஞ்சுக்குச்சி வேண்டாம், வலியும் இல்லை. ஒருவர் தானே ஒரு குழாயில் விட்டுக் கொடுத்துவிடலாம்.

அடுத்து, நேரம் பிடிக்கும் ஒரு படியை அவர்கள் நீக்கினர். கொரோனா கிருமியின் மரபுப்பொருளை ஆர்.என்.ஏ. என்பார்கள். வழக்கமான சோதனையில், மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ.வைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். அதற்குச் சிறப்பு வேதிப்பொருள்கள் தேவை. அவையோ கிடைக்காமல் இருந்தன. இலினோய் ஆய்வாளர்கள், உமிழ்நீர்க் குழாயைத் திறக்காமலேயே 95 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடங்கள் சூடாக்கினர். அந்த வெப்பத்தில் கிருமி செயலிழக்கிறது. அதன் உறை உடைந்து உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ. வெளிப்படுகிறது. மாதிரியைக் கையாள்பவர்களுக்கும் ஆபத்து குறைகிறது. பிரித்தெடுக்கும் படியே இல்லாமல் அடுத்த கட்டத்திற்குச் செல்ல முடிந்தது.

அந்த அடுத்த கட்டம்தான் பி.சி.ஆர். சோதனை. அமெரிக்க அறிவியலாளர் கேரி மல்லிஸ் 1983-இல் கண்டறிந்த இந்த முறைக்காக 1993-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதன் அடிப்படை மிக எளிது. முதலில் கிருமியின் ஆர்.என்.ஏ. அதற்கு இணையான டி.என்.ஏ.வாக மாற்றப்படுகிறது. பிறகு, அந்த டி.என்.ஏ.வின் ஒரு பகுதி மீண்டும் மீண்டும் நகலெடுக்கப்படுகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இவ்வாறு 30 சுற்றுகள் முடியும்போது, ஒரே ஒரு நகல் 100 கோடிக்கும் மேற்பட்ட நகல்களாகப் பெருகியிருக்கும். நகல்கள் பெருகப் பெருக, அவற்றோடு சேர்க்கப்பட்ட சாயம் ஒளிரத் தொடங்கும். கருவி அந்த ஒளியைக் கண்டுகொள்ளும். மாதிரியில் கிருமி இல்லையென்றால் பெருக்குவதற்கு எதுவும் இராது, ஒளியும் தோன்றாது.

இச்சோதனைகள் நடைபெற்ற இடம் மனிதர்களுக்கான மருத்துவமனை அன்று. பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருந்த நோயறி ஆய்வுக்கூடமே அதற்காக மாற்றியமைக்கப்பட்டது. விலங்குகளின் நோய்களைக் கண்டறிந்து பழகிய இடம், மாணவர்களைக் காக்கும் இடமாகியது. ஒரே நாளில் 10,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் அங்குச் சோதிக்கப்பட்டன. பெரும்பாலோருக்கு ஒரு நாளுக்குள் முடிவு தெரிந்துவிட்டது.

துல்லியமா, வேகமா?

எப்போதாவது செய்யும் துல்லியமான சோதனை நல்லதா, அடிக்கடி செய்யும் விரைவுச் சோதனை நல்லதா? பெருந்தொற்றுக் காலத்தில் அறிவியலாளர்கள் விவாதித்த முக்கியக் கேள்வி இது. ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு மாணவர் ஞாயிற்றுக்கிழமை இரவு கிருமியைப் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை முதல் அவரிடமிருந்து கிருமி பிறருக்குப் பரவக்கூடும். ஆனால், அவருக்கு எந்த அறிகுறியும் இல்லை. அவர் புதன்கிழமை காலை மிகத் துல்லியமான சோதனை ஒன்றைச் செய்கிறார். முடிவு வர நான்கு நாள்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை முடிவு வரும்வரை அவர் வகுப்புக்குப் போகிறார், நண்பர்களோடு உண்கிறார், வார இறுதியில் காற்பந்து விளையாடுகிறார்.

இப்போது வேறொரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். அதே மாணவர் புதன்கிழமையும் சனிக்கிழமையும் விரைவுச் சோதனை செய்கிறார். இச்சோதனை சற்றுத் துல்லியம் குறைந்தது. புதன்கிழமையே கிருமி பிடிபட்டால், அன்று மாலையே அவர் தனிமைக்குச் சென்றுவிடலாம். ஒருவேளை புதன்கிழமைச் சோதனை கிருமியைத் தவறவிட்டாலும், உடலில் கிருமி பெருகியபின் செய்யும் சனிக்கிழமைச் சோதனை அதைக் கண்டுபிடிக்க வாய்ப்பு மிகுதி. அப்போதும் முதல் வழியைவிட ஒரு நாள் முன்னதாகவே உண்மை தெரிந்துவிடுகிறது.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மினா, கொலராடோ பல்கலைக்கழகத்தின் டேனியல் லாரிமோர் முதலிய ஆய்வாளர்கள் 2020 நவம்பரில் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. நோய்ப்பரவலைத் தடுக்க, சோதனையின் துல்லியத்தைவிட அதை எத்தனை முறை செய்கிறோம், முடிவு எவ்வளவு விரைவில் கிடைக்கிறது என்பவையே முக்கியம் என்று அவர்கள் கணக்கிட்டுக் கூறினர்.

பிற வளாகங்களில்

எல்லாப் பல்கலைக்கழகங்களாலும் தினமும் பத்தாயிரம் சோதனைகள் செய்ய இயலவில்லை. சில பல்கலைக்கழகங்கள் வேறு வழிகளைத் தேடின.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கூட்டுச் சோதனை முறையைக் கையாண்டன. இம்முறைக்கு வித்திட்டவர் ராபர்ட் டார்ஃப்மன் என்னும் பொருளியலறிஞர். 1943-இல், அமெரிக்க இராணுவத்தில் சேர வந்தவர்களின் இரத்தத்தைக் குறைந்த செலவில் சோதிப்பதற்காக அவர் இந்த எண்ணத்தை முன்வைத்தார். 100 பேரில் ஒருவருக்கு மட்டும் நோய் இருப்பதாகக் கொள்வோம். தனித்தனியே சோதித்தால் 100 சோதனைகள் தேவை. ஐந்து ஐந்து பேரின் மாதிரிகளைக் கலந்தால் 20 சோதனைகளே போதும். அவற்றுள் ஒரு கலவையில் மட்டும் கிருமி தெரியும். அந்த ஐவரையும் மீண்டும் தனித்தனியே சோதித்தால், மொத்தம் 25 சோதனைகளில் நோயுற்றவரைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு கணக்கு, 75 சோதனைகளை மிச்சப்படுத்திவிடுகிறது.

அரிசோனா பல்கலைக்கழகம் விடுதிகளின் கழிவுநீரைச் சோதித்தது. நோய் கண்டவரின் மலத்தில் கிருமியின் ஆர்.என்.ஏ. கலந்து வெளியேறும் என்பதால், கழிவுநீர் ஒரு கட்டடத்தின் நிலையையே சொல்லிவிடும். 2020 ஆகஸ்டில் ஒரு விடுதியின் கழிவுநீரில் கிருமியின் தடயம் தெரிந்தது. உடனே அங்கிருந்த 311 பேருக்கும் சோதனை நடத்தப்பட்டது. இருவருக்குத் தொற்று உறுதியானது. அவ்விருவருக்கும் அறிகுறி எதுவும் இல்லை. அவர்கள் உடனே தனிமைப்படுத்தப்பட்டனர்.

இங்கிலாந்தில் 2020 டிசம்பர் தொடக்கத்தில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகங்களில் விரைவுச் சோதனை நிலையங்கள் திறக்கப்பட்டன. மூன்று நாள் இடைவெளியில் இருமுறை சோதனை செய்துகொண்டபின் மாணவர்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். வீட்டில் காத்திருந்த தாத்தா பாட்டிக்கு நோயைக் கொண்டு செல்லக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

அங்குப் பயன்படுத்தப்பட்ட விரைவுச் சோதனை சிங்கப்பூர், மலேசிய மாணவர்களுக்குப் புதியதன்று. சிங்கப்பூரில் ஏ.ஆர்.டி. என்றும் மலேசியாவில் ஆர்.டி.கே. என்றும் அழைக்கப்பட்ட அதே வகைச் சோதனைதான் அது. 2021 ஆகஸ்ட் இறுதியிலிருந்து சிங்கப்பூரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு ஏ.ஆர்.டி. கருவிகள் அஞ்சலில் அனுப்பப்பட்டன. இந்தச் சோதனை கிருமியின் ஆர்.என்.ஏ.வைத் தேடாமல், கிருமியின் புரதத்தைத் தேடுகிறது. ‘சி’ என்னும் எழுத்தருகே மட்டும் கோடு தோன்றினால் கிருமி தென்படவில்லை என்று பொருள். ‘டி’ என்னும் எழுத்தருகேயும் கோடு தோன்றினால் தொற்று இருக்கிறது. ‘சி’ கோடு தோன்றாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. பி.சி.ஆர். அளவுக்குத் துல்லியம் இல்லையென்றாலும், ஏறத்தாழ 15 நிமிடங்களில் வீட்டிலேயே முடிவு தெரிந்துவிடுவது இதன் சிறப்பு.

கணக்கில் வராத ஒன்று

இலினோய் பல்கலைக்கழகத்தின் திட்டம் மூன்று படிகளைக் கொண்டிருந்தது. முதலில், நோய் எங்குப் பரவக்கூடும் என்று கணித்தல். அடுத்து, சோதித்தல். மூன்றாவதாக, முடிவை விரைவாகத் தெரிவித்தல். முடிவு மாணவரின் கைப்பேசிச் செயலிக்கு நேரே சென்றது. சோதனையைத் தவறாமல் செய்து, தொற்று இல்லை என்று தெரிந்தவர்களுக்கு மட்டுமே வளாகக் கட்டடங்களுக்குள் நுழைய அச்செயலி அனுமதி காட்டியது. தொற்று உறுதியானவர்களுக்குத் தங்குவதற்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது.

நோய்ப்பரவலைக் கணிக்கும் பொறுப்பை நைஜல் கோல்டன்ஃபெல்ட், செர்கெய் மாஸ்லோவ் என்னும் அறிவியலாளர்கள் ஏற்றிருந்தனர். மாணவர்களின் இயல்பை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தனர். இளையர்கள் ஒன்றுகூடுவார்கள், விருந்து வைப்பார்கள், சிலர் முகக்கவசத்தை மறப்பார்கள் என்பதையெல்லாம் கணக்கில் சேர்த்துக்கொண்டனர். அப்படியிருந்தும், வாரம் இருமுறை சோதனை நடந்தால் நோயைக் கட்டுக்குள் வைத்திருக்க முடியும் என்று அவர்கள் கணித்தனர்.

ஆகஸ்ட் 24-ஆம் நாள் வகுப்புகள் தொடங்கின. ஒரே வாரத்தில் தொற்று எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. ஆகஸ்ட் மாத இறுதியில் ஒரே நாளில் ஏறத்தாழ 200 பேருக்குத் தொற்று உறுதியானது. சோதனை தவறிவிட்டதா? இல்லை. சோதனை தன் வேலையைச் சரியாகவே செய்தது. தவறு வேறிடத்தில் நிகழ்ந்திருந்தது.

தங்களுக்குத் தொற்று இருப்பது தெரிந்த பிறகும் சில மாணவர்கள் தனிமையில் இருக்கவில்லை. அவர்கள் விருந்துகளுக்குச் சென்றார்கள். சிலர் தாங்களே விருந்து வைத்தார்கள். சுகாதார அதிகாரிகள் தொலைபேசியில் அழைத்தபோது பேச மறுத்தவர்களும் இருந்தார்கள். தெரியாமல் பரப்புபவர்களை அறிவியலாளர்கள் கணக்கில் வைத்திருந்தார்கள். தெரிந்தே வெளியே செல்பவர்கள் இருப்பார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இதனால் ஏற்பட்ட இழப்பை எல்லாரும் சுமக்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 2-ஆம் நாள், இளநிலை மாணவர்கள் அனைவருக்கும் இரண்டு வாரக் கட்டுப்பாடுகள் அறிவிக்கப்பட்டன. வகுப்பு, உணவு வாங்குதல், சோதனை போன்ற இன்றியமையாத காரணங்களுக்காக மட்டுமே அவர்கள் வெளியே வரலாம். விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்துவந்த ஆயிரக்கணக்கான மாணவர்களும் சேர்ந்தே அறைகளுக்குள் அடைபட்டார்கள். ஒரு சிலர் செய்த தவற்றுக்கு ஊரே விலை கொடுத்தது.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. பல்கலைக்கழகம் கைவிரித்துவிடவில்லை. தொற்று மிகுந்த விடுதிகளில் வசித்தவர்கள் இன்னும் அடிக்கடி சோதிக்கப்பட்டனர். தொற்று உறுதியானவர்களை விரைவாகத் தொடர்புகொள்ள ஏற்பாடு செய்யப்பட்டது. விதியை மீறியவர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரும்பாலான மாணவர்கள் ஒத்துழைத்தனர். சில வாரங்களில் தொற்று எண்ணிக்கை இறங்கியது. நவம்பர் இறுதியில் வரும் விடுமுறைவரை வளாகத்தில் வகுப்புகள் தொடர்ந்து நடைபெற்றன. அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் செய்யப்பட்டிருந்தன. இந்த அனுபவத்தை அந்த ஆய்வாளர்கள் 2022-இல் ஓர் ஆய்விதழில் உலகோடு பகிர்ந்துகொண்டனர்.

முடிவு தெரிந்த பிறகு

ஒரு சோதனையால் நோயைக் குணப்படுத்த முடியாது. நோய் பரவுவதையும் அது தானாகத் தடுத்துவிடாது. ‘உன்னிடம் கிருமி இருக்கிறது’ என்னும் செய்தியை மட்டுமே அது சொல்லும். அந்தச் செய்தியைப் பெற்றவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே மற்றவர்களின் நலம் அமைகிறது.

செய்தியைப் பெறுபவரின் நிலையும் எளிதானதன்று. பல நாள்கள் ஓர் அறையில் தனியாக இருக்க வேண்டும். நண்பர்களைப் பார்க்க முடியாது. “உன்னால்தான் எனக்கும் வந்தது” என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கும். அதனால்தான், சோதனை நிலையம் அமைப்பதோடு ஒரு நிறுவனத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. தனிமையில் இருப்பவருக்கு வேளைக்கு உணவு வர வேண்டும். தவறவிட்ட பாடத்தைப் படிக்க வழி வேண்டும். நலம் விசாரிக்க ஒரு குரல் வேண்டும். உண்மையைச் சொன்னவர் தண்டிக்கப்படுவதாக உணர்ந்தால், அடுத்த முறை உண்மையை மறைக்கவே முயல்வார்.

அதே வேளையில், ‘தொற்று இல்லை’ என்னும் முடிவும் எதையும் செய்வதற்கான உரிமச்சீட்டு அன்று. அது சோதனை செய்த அந்த நேரத்தின் நிலையை மட்டுமே காட்டுகிறது. காலையில் எடுத்த நிழற்படத்தில் மாலை மழை தெரியாது. அதுபோல, இன்று இல்லாத கிருமி நாளை இருக்கலாம்.

ஊர் கூடித் தேர் இழுத்தால்தான் தேர் நகரும் என்பார்கள். இலினோய் வளாகத்தில் வேதியியலாளர் உமிழ்நீரை ஆராய்ந்தார். இயற்பியலறிஞர் கணக்குப் போட்டார். கால்நடை மருத்துவக் கல்லூரி தன் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டது. பணியாளர்கள் கூடாரங்களில் நின்று குழாய்களைப் பெற்றுக்கொண்டார்கள். இவர்கள் அனைவரும் வடத்தைப் பிடித்து இழுத்தார்கள். சில கைகள் வடத்தை விட்டபோது தேர் நின்றது. மற்றவர்கள் மீண்டும் இறுகப் பற்றியபோது அது நகர்ந்தது.

கைப்பேசித் திரையில் முடிவைப் பார்த்துவிட்டு, யாரும் கண்காணிக்காதபோதும் அறைக் கதவைத் தானாகவே மூடிக்கொண்ட மாணவர்கள் அந்த வளாகத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்த ஆய்விதழிலும் இடம்பெறவில்லை. ஆயினும், அந்தத் திட்டத்தின் வெற்றியில் அறிவியலாளர்களுக்கு இருந்த பங்கு அவர்களுக்கும் இருந்தது.

சிந்தித்துப் பேசுவோம்

1. நலமாக இருக்கும் மாணவர்களையும் இலினோய் பல்கலைக்கழகம் வாரம் இருமுறை சோதித்ததற்குக் காரணம் என்ன?

2. உமிழ்நீரைப் பயன்படுத்தியதால் வழக்கமான சோதனையில் இருந்த எந்தெந்தச் சிக்கல்கள் நீங்கின?

3. 60 பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ளது. ஆறு ஆறு பேராகக் கூட்டுச் சோதனை செய்தால் மொத்தம் எத்தனை சோதனைகள் தேவைப்படும்? கணக்கிட்டுக் காட்டுக.

4. அறிவியலாளர்களின் கணிப்பில் இடம்பெறாமல் போனது எது? அதை முன்கூட்டியே கணித்திருக்க முடியுமா? உம் கருத்தைக் காரணத்துடன் விளக்குக.

5. உம் நெருங்கிய நண்பருக்குத் தொற்று உறுதியாகிவிட்டது. முக்கியமான விளையாட்டுப் போட்டி ஒன்றில் கலந்துகொள்வதற்காக அவர் அதை மறைக்க நினைக்கிறார். நீர் அவரிடம் என்ன கூறுவீர்? உரையாடலாக எழுதுக.